கொலுவுக்கு வருகிறவர்களுக்கு என்ன வைத்துக்கொடுப்பது?

நவராத்திரி வருவது புரட்டாசியில்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஆடி பிறந்ததுமே பழைய பேப்பர் அண்டாவில் ஊற ஆரம்பித்துவிடும். கொலு பார்க்க வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஏதாவது வைத்துக்கொடுக்க வேண்டுமே. கடைக்குப் போனால் பிளாஸ்டிக் டப்பா, குட்டி எவர்சில்வர் கிண்ணம், அதுவும் இல்லாவிட்டால் பிளவுஸ் பிட்.

பிளவுஸ் பிட்டைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 80 சென்டிமீட்டர் துணி. யாரும் தைப்பதுமில்லை, யாருக்கும் தூக்கிப் போட மனசும் வருவதில்லை. பீரோ விட்டுப் பீரோ போய்க்கொண்டே இருக்கும். என் நாத்தனார் யாருக்கோ வைத்துக்கொடுத்த பச்சைப் பிட் ஊரெல்லாம் சுற்றி அவளிடமே வந்து சேர்ந்தது. "மதினி, இங்க பாருங்க, கடைக்காரன் பேனாவுல எழுதுன விலைகூட அழியல" என்று கொண்டுவந்து காட்டினாள். அடுத்த வாரம் அதையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்பது வேறு கதை.

சரி, கடைப்பொருள் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம் என்று இறங்கினால் அங்கேயும் ஒரு வம்பு இருக்கிறது. பழைய சிடியில் பிள்ளையார், ஐஸ் குச்சியில் வீடு, பாட்டில் மேல் பெயிண்டிங் என்று வீடியோவில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதற்காகப் பசைத் துப்பாக்கி, மினுமினுப்புத் தூள், லேஸ், முத்து என்று வாங்கிய பில்லைப் பார்த்தால் எவர்சில்வர் கிண்ணமே மலிவு. வாங்கிப் போகிறவர் அதை எங்கே வைப்பார்? ஷோகேஸில் இடமில்லை, வீட்டில் செய்தது என்பதால் வேறு யாருக்கும் தள்ளிவிடவும் கூச்சம். நாமே காசு கொடுத்து வாங்க யோசிக்கிற ஒரு பொருளை, கையால் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக அடுத்தவர் தலையில் கட்டக் கூடாது என்பது என் கட்சி. தினம் கையில் புழங்க வேண்டும், இல்லை தீர்ந்துபோக வேண்டும்.

பேப்பர் கூடை முதல் ரகம். எங்கள் பாட்டி காலத்தில் பேப்பரையும் வெந்தயத்தையும் உரலில் போட்டு இடித்து, கவிழ்த்த பானை மேல் அப்பிக் காயவைத்து, கூடையாக எடுப்பார்கள். இப்போது கிரைண்டர் இருக்கிறது. பேப்பரைக் கத்தரிக்காமல் கையால் கிழிக்க வேண்டும். கிழித்த ஓரத்தில்தான் நார் பிரிந்து நிற்கும், ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். வழவழவென்ற விளம்பரத் தாள் ஆகாது. இரண்டு மூன்று நாள் ஊறட்டும், தினம் தண்ணீர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாறும். அரைக்கப்போகும் முதல்நாள் இரவு இரண்டு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஊறப்போட்டு, மறுநாள் பேப்பரைப் பிழிந்து இரண்டையும் சேர்த்து ஆட்டினால் வடை மாவுப் பதத்துக்கு வரும். ஊறின வெந்தயத்தின் வழவழப்பே பசை. மைதாப் பசை போட்டால் சீக்கிரம் முடியும்தான், ஆனால் கரப்பான் தேடி வரும்.

ஒரு சட்டியைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணியைச் சுருக்கமில்லாமல் போர்த்தி, கூழை அரை விரல் கனத்துக்கு அப்ப வேண்டும். அப்பியதும் பழைய துண்டால் ஒற்றி ஒற்றித் தண்ணீரை எடுத்துவிடுங்கள். முதல் நாள் நிழல், அப்புறம்தான் வெயில். இதில் சூட்சுமமான இடம் சட்டியை விட்டுக் கழற்றும் நேரம். கூழ் காயக் காயச் சுருங்கும், சட்டி சுருங்காது. முழுக்கக் காயட்டும் என்று விட்டுவைத்தால் விளிம்பில் பிளந்துவிடும். வெளிப்பக்கம் காய்ந்து, தொட்டால் இன்னும் சில்லென்று இருக்கிற பதத்தில் துணியோடு சேர்த்துத் தூக்கிவிட வேண்டும். பிறகு நிமிர்த்திவைத்து, அடி எழும்பாமல் இருக்க உள்ளே ஒரு சின்னக் கல்லை வைத்தால், மதுரை வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆடிக் காற்றில் புழுதி ஒட்டும், அதனால் மேலே ஒரு மெல்லிய துணி கட்டாயம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இந்த வேலையை நினைத்தே பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் ஆடியிலேயே ஊறப்போடுவது அதற்காகத்தான்.

காய்ந்த கூடையை உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்துக் காவி பூசி, வெள்ளையில் கோலம் போட்டால் போதும். பூண்டு, சின்ன வெங்காயம், சாவிக்கொத்து, சீப்பு எதுவும் போடலாம். முறுக்கு, பக்கோடா என்று தின்பண்டத்தை நேராகப் போட வேண்டாம். அச்சு மைக்காக, பத்திரிகைத் தாளில் உணவைக் கட்டவே கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. அரைத்துக் கூழாக்கினாலும் மை அங்கேயேதான் இருக்கும்.

அடுத்தது துணிப்பை. 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் அரசே மஞ்சப்பையை மீண்டும் கையில் எடுத்தது. ஆனாலும் காய்கறிக் கடையில் பை கேட்டு நிற்கிறவர்கள் நிற்கத்தான் செய்கிறார்கள். ஜவுளிக்கடைக் கட்டப்பை எல்லா வீட்டிலும் கிடக்கிறது. அது ஹேண்ட்பேகுக்குள் மடங்காது. பழைய சுங்குடிச் சேலையில் தைத்த பை, கைக்குட்டை அளவுக்கு மடங்கும். சேலை ஐந்தரை மீட்டர் இருந்தாலும் முழுசும் தேறாது. கால் பக்கத்துக் கரை நைந்திருக்கும், தோளில் பின் குத்தின இடம் ஓட்டையாக இருக்கும், இடுப்பில் செருகும் பகுதி இற்றிருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, நல்ல இடத்தை மட்டும் எடுத்தால் எட்டு ஒன்பது பை வரும். பருத்திக்குக் கத்தரியே வேண்டாம். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தால் நூல் பிடித்து நேராகக் கிழியும். 16 அங்குல அகலம், 36 அங்குல நீளம், இரண்டாக மடித்தால் பை. மேல் பக்கத்துக் கரையைத் தனியாகக் கிழித்து நாலாக மடித்துத் தைத்தால் கைப்பிடி. பிடி சேரும் இடத்தில் பெட்டி போல ஒரு சதுரமும் அதற்குள் குறுக்குத் தையலும் கட்டாயம் வேண்டும், இரண்டு கிலோ தக்காளியின் கனம் அங்கேதான் விழும்.

உள்ளே கொடுக்கக் கனமான துணி வேண்டும் என்றால் தையல்காரர்களிடம் வெட்டுத்துணி கேட்டு வாங்கலாம். மதுரை மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிய காலத்தில் அது பெரிய வசதி. இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நான் விரும்பிக் கொடுப்பது ஆடுபுலி ஆட்டம். பழைய வேட்டியில் ஒரு சதுரம் எடுத்து, நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, கோடுகளைச் சங்கிலித் தையலில் போட வேண்டும். பெயிண்ட் போட்டால் சீக்கிரம் தீரும், ஆனால் மடித்த மடிப்பில் வெடிக்கும். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலிக்குச் சட்டைப் பொத்தான், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. பின்பக்கம் சும்மா இருப்பானேன் என்று அங்கே ஐந்துக்கு ஐந்து தாயக்கட்டம். நடுவிலும் நான்கு பக்கத்து நடுக்கட்டங்களிலும் பெருக்கல் குறி. எங்கள் வீட்டில் அதை மலை என்போம், மலையில் ஏறிய காயை வெட்ட முடியாது. தாயம் உருட்ட நான்கு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் தரையில் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். இந்த வேலையை மகளிடம் கொடுத்துவிடுவேன். தேய்த்த சூட்டோடு அதை அவள் அப்பா கையில் வைப்பாள், அவர் அலறுவார். தலைமுறை தலைமுறையாக நடக்கிற சேட்டை, நான் தடுப்பதில்லை. விளையாடத் தெரியாத வீடுகளுக்காக ஆட்ட விதியை ஒரு தாளில் எழுதி உள்ளே சுருட்டி வைத்துவிடுவது நல்லது. எங்கள் தெருவில் ஒரு தாத்தா அதைப் படித்துவிட்டு விதி தப்பு, எங்க ஊர்ல ஆட்டை இப்படி வெட்ட மாட்டோம் என்று சண்டைக்கே வந்துவிட்டார். ஊருக்கு ஊர் விதி மாறும் என்று இப்போது தாளின் அடியில் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

தீர்ந்துபோகிற ரகத்தில் பருப்புப் பொடியும் நலங்கு மாவும். பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ் எல்லாம் நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கும். செய்முறை எல்லாருக்கும் தெரியும், அதனால் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மில்லில் முந்தின ஆள் என்ன அரைத்தார் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். மிளகாய் அரைத்த மெஷினில் நலங்கு மாவை அரைத்துக் குழந்தைக்குப் பூசினால் அந்த வீட்டில் நம் பெயர் கெட்டது. யாராவது அரிசி அரைத்து முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒயர் கூடை போடலாமே என்று கேட்பீர்கள். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் எனக்கும் கை வரும். ஆனால் சந்தைக்கு எடுத்துப்போகிற அளவில் ஒரு கூடைக்கு இரண்டு ரோலாவது ஆகும், கொலுவுக்கு வருகிற அத்தனை பேருக்கும் போட்டால் விரல் நுனி தேய்ந்துவிடும். அம்மாவுக்கு, அண்ணிக்கு, மாதம் ஒன்றாகப் போட்டு வருஷத்துக்கும் பயன்படுகிற மாதிரி கொடுப்பதற்குத்தான் அது சரி.

சுங்குடிப் பை கொடுக்கும்போது முதல் இரண்டு தடவை தனியாக நனைக்கச் சொல்லிவிடுங்கள். பழைய சேலைதானே, சாயமெல்லாம் எப்போதோ போயிருக்கும் என்று நினைப்போம். சிவப்பு சில சமயம் அப்போதும் கொஞ்சம் விடும்.