பூஜ் மைதானத்தில் காயமடைந்தவர்களைக் கவனித்த அனுபவம்

2001 ஜனவரி 26, காலை 8:46-க்கு குஜராத்தின் கட்ச் பகுதி நிலநடுக்கத்தில் குலுங்கியபோது நான் அகமதாபாத்தில் மயக்கவியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். அகமதாபாத்திலேயே அடுக்குமாடிகள் சரிந்திருந்ததால் முதல் நாள் முழுக்க எங்கள் கேஷுவாலிட்டியிலேயே ஓடிவிட்டது. மறுநாள் கட்ச் மாவட்டத் தலைநகரான பூஜ் கிளம்பிய குழுவில் என்னையும் சேர்த்தார்கள். கட்ச்சுக்குள் போகும் வழியிலிருந்த சூரஜ்பாரி பாலம் சேதமாகியிருந்தது, வண்டிகள் ஊர்ந்துதான் போயின.

பூஜ் அரசு மருத்துவமனை இடிந்துபோயிருந்தது. சிகிச்சை எல்லாம் ஜூபிலி மைதானத்தில், திறந்தவெளியில், ஷாமியானாவுக்கு அடியில். பின்னதிர்வு வந்துகொண்டே இருந்ததால் நின்றிருந்த கட்டடத்துக்குள் போகச் சொன்னாலும் யாரும் போக மாட்டார்கள்.

எங்கள் குழுத் தலைவர் செய்த முதல் காரியம், இருந்தவர்களிலேயே அனுபவம் மிக்க சர்ஜனை அறுவை மேசைக்கு அனுப்பாமல் வாசலில் நிறுத்தியது. எங்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அதுதான் சரி. லாரியிலும் டிராக்டரிலும் கட்டிலோடு தூக்கியும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கும்போது, யாரை இப்போதே மேசைக்கு ஏற்றுவது, யார் நாலு மணி நேரம் தாங்குவார், யாருக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது என்று அரை நிமிடத்தில் முடிவெடுக்க அந்த அனுபவம் வேண்டும். கத்துகிறவரிடம்தான் கால் தானாகப் போகும். சத்தமே இல்லாமல் படுத்திருப்பவரைத்தான் அந்த சர்ஜன் முதலில் பார்ப்பார்.

பச்சாவ் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். தொடைமேல் தூண் விழுந்து வெகுநேரம் சிக்கியிருந்தவர். பெரிய ரத்தப்போக்கு இல்லை, நன்றாகப் பேசினார், டீ கேட்டார். சிறுநீர்க் குழாய் போட்டதும் பையில் இறங்கியது டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக இருந்தது. நசுங்கிய தசையில் தேங்கும் பொட்டாசியமும், மயோகுளோபின் என்ற தசைப் புரதமும், பாரத்தைத் தூக்கிய பிறகு ரத்தத்தில் கலக்கும். ஒன்று இதயத்தை நிறுத்தும், இன்னொன்று சிறுநீரகத்தை அடைக்கும். அதனால்தான் முடிந்தால் இடிபாட்டுக்குள் இருக்கும்போதே, தூணை நகர்த்துவதற்கு முன்பே, சாதாரண சலைனை வேகமாக ஏற்ற ஆரம்பிக்க வேண்டும். ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு டிரிப் திரவம் கூடாது, அதில் பொட்டாசியம் இருக்கிறது. 1999-ல் துருக்கியின் மர்மரா நிலநடுக்கத்தில் இப்படி 639 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது எங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குச் சலைனை ஓடவிட்டு, டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று எழுதி, விமானப்படை விமானத்தில் அனுப்பினோம். அனுப்பிய இடத்திலிருந்து கிடைத்த தகவலில், பிழைத்துக்கொண்டார்.

என் வேலை பெரும்பாலும் கேட்டமின் என்ற மயக்க மருந்தோடுதான். மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் ஓரளவு காப்பாற்றிக்கொடுக்கிற மருந்து, பெரிய மெஷின் தேவையில்லை. ராத்திரி டார்ச் வெளிச்சத்திலும் அதை நம்பி வேலை பார்க்கலாம். கட்ச் ஜனவரிக் குளிர் இருக்கிறதே, அதுதான் பெரிய எதிரி. உடம்பு சில்லிட்டால் ரத்தம் உறையாது, அதனால் மருந்துக்குக் கேட்ட அதே அவசரத்தோடு கம்பளிக்கும் கேட்டோம்.

ஒரு விஷயத்தில் இன்றும் எனக்குக் கோபம் இருக்கிறது. நல்ல மனதோடு வந்த சிலர் மண்ணும் சிமென்ட்டும் அப்பிய காயங்களை அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். சீழ் கட்டி வந்தவர்களுக்கு நாங்கள் தையலைப் பிரித்துக் கழுவ வேண்டியிருந்தது. கழுவி, செத்த தசையை வெட்டி, திறந்தே விட்டு, நாலைந்து நாள் கழித்து மூடுவதுதான் முறை. டெட்டனஸ் வராமலிருக்கப் போடும் டி.டி. ஊசியும் மறக்கக் கூடாது.

கேஸ் ஷீட் காற்றில் பறந்தது, நனைந்தது, ஆளோடு போய்ச் சேரவில்லை. அப்புறம் மாவுக்கட்டின் மேலேயே மார்க்கரால் எழுதினோம்: பெயர், ஊர், எலும்பு உடைந்த இடத்தின் சின்னப் படம், கட்டுப் போட்ட தேதி, கொடுத்த மருந்து. கட்டு இல்லாதவர்களுக்கு மணிக்கட்டில் பிளாஸ்டர் ஒட்டி அதில் எழுதினோம்.

இவ்வளவு செய்தும், யாரை எந்த ஊருக்கு அனுப்பினோம் என்ற பட்டியல் முதலில் இல்லை. அம்மா ஒரு விமானத்தில், பிள்ளை இன்னொன்றில் என்று போனார்கள். ஒரு கல்லூரி மாணவன் தானாக முன்வந்து, கார்பன் தாள் வைத்த நோட்டோடு வண்டி ஏறுமிடத்தில் உட்கார்ந்தான். பெயர், வயது, கூட வந்தவர், போகும் ஊர் என எழுதி, ஒரு பிரதியை ஓட்டுநரிடம் கொடுத்தான், இன்னொன்றை வாசல் கம்பத்தில் ஒட்டினான். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் எங்கள் மேசைகளைச் சுற்றி நிற்பது குறைந்தது.