அம்மா வந்த பிறகுதான்

பூங்காவில் ஒரு குழந்தை சறுக்குமரத்திலிருந்து விழுந்தது. விழுந்தபோது அழவில்லை.

அம்மா ஓடி வந்து தூக்கிய பிறகுதான் வீறிட்டது.

ஹான்ஸ் கைல்சன் நினைவுக்கு வந்தார். ஜெர்மானிய யூதர், உளப்பகுப்பாய்வாளர். 1936இல் நெதர்லாந்துக்குத் தப்பியவர். பெற்றோர் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள்.

அவர் இரண்டாம் உலகப் போரில் அநாதையான 204 யூதப் பிள்ளைகளை ஆராய்ந்தார். போர்க்காலத்தில் பட்டதைவிட, போர் முடிந்தபின் யார் கையில் எப்படி வளர்ந்தார்கள் என்பதே அவர்கள் மனநலத்தைக் கூடுதலாகத் தீர்மானித்தது என்று கண்டார்.

அதை 1979இல் எந்த மொழியில் வெளியிட்டார் தெரியுமா? ஜெர்மனில்! நாஜிகள் அவருடைய முதல் நாவலைத் தடை செய்த அதே மொழி. கோபத்தில் உதறியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2011இல், 101 வயதில் இறந்தார்.

நிமிர்ந்து பார்த்தால், குழந்தை மறுபடி சறுக்குமரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது.