ஆய்வுகூடத்தில் டார்வின், மலையில் கோணேசர்

உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வந்தன என்கிற கூர்ப்புக் (பரிணாமக்) கொள்கையை உயர்தர வகுப்பில் படித்து, பரீட்சை எழுதி, அதோடு மறந்துவிட்டவர்கள்தான் அதிகம். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தின் நுண்ணுயிர்ப் பகுதியில் எம்.எல்.ரி.யாக (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக) இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. காலையில் இன்கியூபேற்றரைத் திறந்ததுமே அது முன்னால் வந்து நிற்கும்.

நோயாளியின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈ. கோலை பற்றீரியாவை முதல்நாளே, கிருமி வளர்க்கிற அகார் தட்டு முழுக்கப் பூசி, மேலே அன்ரிபயோட்டிக் ஊறிய சின்னச் சின்னக் கடதாசி வில்லைகளை வைத்து, 35 பாகைச் சூட்டில் விட்டிருப்போம். மருந்துக்குக் கேட்கிற கிருமி என்றால் மறுநாள் வில்லையைச் சுற்றி ஒன்றும் வளராமல் வட்டமாக வெளித்துக் கிடக்கும். அடிமட்டத்தை வைத்து அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுதுவோம். கேட்காத கிருமி வில்லையின் விளிம்புவரை வந்து வளர்ந்திருக்கும்.

எப்போதாவது இந்த இரண்டிலும் சேராத தட்டொன்று வரும். வெளித்த வட்டத்துக்குள்ளேயே, குண்டூசித் தலை அளவில் இரண்டொரு கொலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள். வேறு கிருமி கலந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்று உறுதியானால், கோடிக்கணக்கில் செத்த இடத்தில் தப்பிக்கொண்டவை அவை. பரம்பரையலகில் (ஜீனில்) ஒரு சின்ன மாற்றம், அதனால் பிழைத்தன, இனி அவற்றின் பிள்ளைகுட்டிகள் அதே மாற்றத்தோடு பெருகும். உணவும் சூடும் தோதாக இருந்தால் ஈ. கோலை ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். டார்வின் 1859இல் எழுதிய இயற்கைத் தேர்வை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

மருந்தைக் கண்டபிறகுதான் கிருமி மாறுகிறது என்று பலரும் நினைப்பதுண்டு. 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க்கும் அவர் மனைவி எஸ்தரும் ஒரு வெல்வெட் துணியை வைத்து அந்த எண்ணத்தை உடைத்தார்கள். தட்டில் வளர்ந்த கொலனிகளை வெல்வெட்டில் ஒற்றி, அதே ஒழுங்கில் மருந்துள்ள தட்டில் பதித்தார்கள். மருந்தில் தப்பியவை எந்த இடத்தில் வளர்ந்தன என்று பார்த்து, மருந்தே படாத மூலத்தட்டில் அதே இடத்தில் தேடினார்கள். எதிர்ப்புள்ளவை அங்கே ஏற்கெனவே இருந்தன. மாற்றம் முதலிலேயே வந்துவிட்டது. தேவைதான் பிறகு வந்தது.

கடவுள் நம்பிக்கை உள்ளவரைக் குடைகிற இடம் இது. யாரும் நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லையே! நானும் அந்த நம்பிக்கைக்காரன்தான். வெள்ளிக்கிழமை திருகோணமலைச் சுவாமி மலையிலுள்ள கோணேசர் கோயிலுக்குப் போகாவிட்டால் எனக்கு வாரம் முடிந்ததாகவே இராது.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சுலபமான சமாதானம் கைவசம் உண்டு. கூர்ப்பு என்று வாயெடுத்தால் போதும், "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி என்று மாணிக்கவாசகர் அப்பவே சொல்லிப்போட்டாரே" என்பார்கள். அந்த வரிகளை நிறுத்தாமல் முழுதாகச் சொல்லிப் பாருங்கள். பாம்புக்குப் பிறகு கல் வருகிறது. மனிதருக்குப் பிறகு பேய் வருகிறது. உயிரினங்கள் தோன்றிய வரிசையா இது? ஒரே உயிர் பிறவி பிறவியாக அலைந்து, எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்துப்போய், இறைவனிடம் வந்து முறையிடுகிற இடமல்லவா? டார்வினிடம் அலைகிற உயிர் என்று ஒன்று கிடையாது. அங்கே மாறுவது கூட்டம், தனியாள் அல்ல. இரண்டையும் ஒட்டவைத்தால் விஞ்ஞானமும் கெடும், அந்த முறையீடும் கெடும். பிந்தியது கெடுவதுதான் எனக்குக் கூடுதல் கவலை. மச்சம், கூர்மம், வராகம் என்று தசாவதாரத்தை அடுக்கிக் காட்டுவதும் இதே ரகம்.

ஒன்றுக்கு இரண்டு விளக்கத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பது திருகோணமலை ஆட்களுக்குப் புதிதில்லை. சுவாமி மலையில் ஏறினால் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு. இராவணன் வாளால் பிளந்தான் என்று பிள்ளைக்குக் காட்டுகிற அதே தகப்பன், வீட்டில் பாறை வெடிப்புப் பற்றிய புவியியல் பாடத்தையும் சொல்லிக்கொடுப்பார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் அப்படித்தான். தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் ஊற்றெடுக்க வைத்தான் என்பது ஒன்று. ஆழத்தில் சூடேறிய நிலத்தடி நீர் பாறை வெடிப்பு வழியே மேலே வருகிறது என்பது இன்னொன்று. அங்கே இறந்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய வருகிற யாரும் வெப்பமானியைக் கண்டு கோபித்ததில்லை. கல், தண்ணீர் என்றால் நாங்கள் தாராளம். பேச்சு மனிதனிடம் வந்ததும்தான் முகம் மாறும்.

கிண்ணியாவிலிருந்து வருகிற தம்பி ஒருவர் என்னோடு வேலை செய்கிறார். வலு சுத்தமான வேலைக்காரர். சந்தேகமான தட்டை அவரிடம் ஒருதரம் காட்டாமல் நான் ரிப்போர்ட் எழுதுவதில்லை. ஐந்து நேரத் தொழுகை தவறாதவர். "கிருமி மாறும் அண்ணன், மிருகமும் மாறும், ஆதம் நபியை மட்டும் இதுக்குள்ள கொண்டுவராதீங்க" என்பார். முஸ்லிம் அறிஞர்களிலும் பலர் கோடு போடுகிற இடம் இதுதான். எல்லாம் எங்கள் நூலிலேயே இருக்கிறது என்கிற எங்கள் ஆட்களின் சமாதானத்தைவிட இந்தக் கோடு நேர்மையானது என்பேன். ஆனால் ஆதாரம் அந்தக் கோட்டோடு நிற்பதில்லை. மனிதனுக்கு 46 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்), சிம்பன்சிக்கு 48. நிறமூர்த்தத்தின் நுனிகளில் இருக்க வேண்டிய டி.என்.ஏ. தொடர்கள், எங்களுடைய 2ஆம் நிறமூர்த்தத்தின் உட்பகுதியில் கிடக்கின்றன. முன்பு இரண்டாக இருந்தவை ஒட்டி ஒன்றானதன் தழும்பு.

இதைச் சொன்னபோது தம்பி அமைதியாகக் கேட்டார். "அல்லாஹ் நாடினா இப்படியே படைக்கவும் ஏலும்தானே" என்றார். அதை மறுக்க என்னிடம் எதுவுமில்லை, எந்த ஆய்வுகூடத்திலும் இருக்காது. மறுக்கவே வழியில்லாத ஒன்றை விஞ்ஞான விடையாக எடுக்க முடியாதே என்றேன். "நான் விஞ்ஞானம் என்று சொல்லல்லையே அண்ணன்" என்றார். சரி, அதுவும் நியாயம்தான்.

ரிப்போர்ட் கேட்டு வருகிற கத்தோலிக்கத் தாதி மிஸ் ஒருவருக்கு எங்கள் வாதமே வேடிக்கை. உடல் எப்படி வந்தது என்று ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுள்தான் நேரடியாகப் படைக்கிறார் என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் (பயஸ்) 1950இலேயே எழுதிவிட்டார். கூர்ப்பு வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்று 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜோன் போல்) சொன்னார். "மெண்டல் எங்கட துறவி. பரம்பரையியலுக்குப் பிள்ளையார் சுழி போட்டதே நாங்கள்தான்" என்பார் மிஸ். (கத்தோலிக்கர் வாயில் பிள்ளையார் சுழி! அதுதான் எங்கள் ஊர்.)

ஆறு நாள் படைப்பும் பூமியின் வயதும் எனக்கு ஒருநாளும் தொல்லை தந்ததில்லை. தொல்லை தருவது குறைமாதக் குழந்தைகள் பிரிவிலிருந்து வருகிற இரத்த மாதிரி. அதில் கிளெப்சியெல்லா என்கிற பற்றீரியா வளர்ந்து, எந்த வில்லையைச் சுற்றியும் வட்டமே விழாமல் ஒரு தட்டு இருக்கும். இயற்கைத் தேர்வு எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்திருக்கிறது என்று படிப்பு சொல்லும். அந்தப் பிள்ளையின் தாய் வெளியே வாங்கில் இருப்பாள்.

டார்வினைக் குடைந்ததும் இதுதான். உயிரோடு இருக்கும் கம்பளிப்புழுக்களை உள்ளிருந்தே தின்று வளர்கிற குளவிகளை, அன்பும் வல்லமையும் உள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என அவர் 1860இல் ஆசா கிரேக்கு எழுதினார். கிரே அமெரிக்கத் தாவரவியலாளர், பக்தியுள்ள கிறிஸ்தவர். அந்த நாட்டில் டார்வினுக்காக முன்னின்று வாதாடியவரும் அவர்தான். இந்த விஷயத்தில் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

தம்பி இதைச் சோதனை என்பார். மிஸ், பைபிளில் குற்றமில்லாமலே துன்பப்பட்ட யோபுவின் கதையைச் சொல்வார். எங்கள் ஆட்கள் முற்பிறப்பு வினை என்பார்கள். பிறந்து சில நாளேயான பிள்ளையின் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை வாயில் எடுக்க எனக்கு வருவதில்லை. ஆனால் இந்தக் கேள்வி டார்வினோடு வந்தது அல்ல. கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்திலும் பிள்ளைகள் செத்தன, கோயில்களும் நிரம்பின. கூர்ப்பு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, மருந்துக்குக் கேட்காத கிருமி எந்த வழியால் வருகிறது என்று காட்டியது. வழி தெரிந்தால் மறிக்கப் பார்க்கலாம். வாட்டில் கை கழுவ வைக்கலாம், மருந்தை எண்ணிக் கொடுக்கலாம், சளிக்கு அன்ரிபயோட்டிக் கேட்டு பாமசியில் நிற்பவரைத் திருப்பி அனுப்பலாம்.

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். தம்பியோடு ஆதம் நபியைப் பற்றிப் பேசி ஒரு நிதானத்துக்கு வந்துவிடலாம். சிவபுராணத்தை எழுத்துப் பிசகாமல் சொல்கிற என் மாமியோடு முடியாது. இரண்டு நாள் தடிமனுக்கே அன்ரிபயோட்டிக் குளிசை எடுத்து வரச் சொல்வார். அது வைரஸ், அந்தக் குளிசை கேட்காது, பிறகு உண்மையிலேயே தேவைப்படும்போது மருந்துக்குக் கேட்காத கிருமிதான் மிஞ்சியிருக்கும் என்று விளங்கப்படுத்துவேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப அங்க என்ன வேலைதான் பார்க்கிறீங்கள் தம்பி?" என்பார்.