துப்பக் கூடாது

பல் இம்ப்ளான்ட் வைத்த அன்று டாக்டரம்மா கொடுத்த சீட்டில் பதினோரு வரி இருந்தது. அதில் எட்டு வரி "கூடாது" என்று முடிந்தது. முதல் வரியே துப்பக் கூடாது.

ராயக்கோட்டையில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். விடியற்காலை ஏலம் ஆரம்பித்தால் வாயில் வெற்றிலை இருக்கும், இல்லாவிட்டால் டீ இருக்கும். துப்பாமல் ஒரு பொழுது கழிந்ததாக நினைவில்லை. வெட்டு, தையல், ஊசி என்று எதை எதையோ நினைத்துப் பயந்துகொண்டு போனவனுக்குக் கடைசியில் எச்சிலை விழுங்குவதுதான் பெரிய வேலையாக இருந்தது.

இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்துபோய், தை மாதத்தில் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. அந்த இடத்தில் தாடை எலும்பில் திருகு இறக்கி அதன் மேல் செயற்கைப் பல் மாட்டுகிற இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று கிருஷ்ணகிரிக்குப் போனால், முதலில் சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.6. "இந்த அளவோடு எலும்பில் கை வைக்க மாட்டேன், புண் ஆறாது, ஸ்குரூவும் பிடிக்காது" என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது கோபம்தான் வந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, மண்டி டீயில் சர்க்கரையை நிறுத்தி, ஆனி மாதம் 7.1-க்குக் கொண்டுவந்த பிறகுதான் தேதி கிடைத்தது. வெற்றிலையையும் அன்றோடு விடச் சொன்னார்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரத்துப்போக ஊசி, அப்புறம் நாற்பது நிமிடம். நம் பக்கம் போர் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகவே இருக்காது. திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டி நிலத்தில் செய்வதை இங்கே தாடையில் செய்கிறார்கள், ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு. துளை போடும்போது குளிர்ந்த உப்புநீரை விட்டுக்கொண்டே இருந்தார்கள். எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே அந்த இடம் கெட்டுவிடுமாம். உள்ளே போனது டைட்டானியம் திருகு, 4 மில்லிமீட்டர் தடிமன், 10 மில்லிமீட்டர் நீளம். சுவிட்ச் போர்டுக்குப் போடும் ஸ்குரூ இதைவிட நீளம். ஈறை மூடி மூன்று தையல் போட்டு, பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்காரி இளநீர் வாங்கினாள். ஸ்ட்ராவை வாயில் வைக்கப் போகும்போது சீட்டு ஞாபகம் வந்தது. உறிஞ்சக் கூடாது, அது மூன்றாவது வரி. காரணம் துப்பக் கூடாது என்பதற்கு உள்ளதேதான். வெட்டிய இடத்தில் இரத்தம் உறைந்து மூடி மாதிரி நிற்கிறது. உறிஞ்சினாலும் துப்பினாலும் வாய்க்குள் ஏற்படும் இழுப்பில் அந்த மூடி பெயர்ந்து மறுபடி இரத்தம் வரும். இளநீர்க்காரரிடம் டம்ளர் இல்லை. பாட்டிலில் ஊற்றி வாங்கிக்கொண்டு, பஞ்சை எடுத்த பிறகு அண்ணாந்து குடித்தேன். உதடு மரத்திருந்ததால் பாதி சட்டையில்.

அந்த உதடுதான் அன்று ராத்திரி வரை என்னைப் பயமுறுத்தியது. கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறதாம். மறுநாள் காலைக்குள் உதட்டில் உணர்ச்சி திரும்பாவிட்டால் உடனே போன் செய்யச் சொல்லியிருந்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை கிள்ளிப் பார்த்தேன். ஏழரை மணிக்கு எறும்பு ஊர்வது போல ஆரம்பித்து, எட்டு மணிக்கு வலித்தது. வலித்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வீட்டில் அதற்குள் வேறு சண்டை. அம்மா கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடத்துக்குத் தயாராக நின்றது. "வீக்கத்துக்கு ஐஸ் வைக்கிறவனை இன்னைக்குத்தான்டா பார்க்கிறேன், சளி பிடிக்கப் போகுது" என்று ஒரே பேச்சு. பக்கத்து வீட்டு அத்தை கிராம்புத் தைலத்தோடு வந்தார். இன்னொருவர் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். எல்லாமே பல்வலிக்கு நாம் காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் முதல் நாளில் ஒன்றுமே ஆகாது. சூடு வைத்தால் இரத்த ஓட்டம் கூடி வீக்கம் ஏறும், கொப்பளித்தால் மூடி போகும், தைலம் பச்சைப் புண்ணைச் சுடும். ஐஸ் கட்டியைக் கவரில் போட்டுத் துண்டில் சுற்றி, கால் மணி நேரம் வைப்பதும் கால் மணி நேரம் எடுப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். தூங்கும்போது தலைக்கு இரண்டு தலையணை.

மூன்றாம் நாள்தான் வீக்கம் உச்சம். இது தெரியாவிட்டால் பயந்துவிடுவோம், முந்தின நாளைவிட மோசமாகிறதே என்று. அன்றே மண்டிக்குப் போய்விட்டேன். தக்காளிப் பெட்டி தூக்காதே, குனியாதே, கத்தாதே என்று சொல்லியிருந்தார்கள். பேனா பிடிக்கலாம் அல்லவா? "வெற்றிலையை விட்டேன்னு சொன்னியே, கன்னத்துல என்ன ஒதுக்கி வச்சிருக்க?" என்று ஏலக்காரர் கேட்டதற்கு மொத்த மண்டியும் சிரித்தது. ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்து, தாடைக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாக ஒரு கறை இறங்கியது. அதுவும் வழக்கம்தானாம், ஒரு வாரத்தில் மறைந்தது. மூன்றாம் நாளிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம் என்று சீட்டில் இருந்தது. அதைப் படித்துச் சொன்னதும் அம்மா ஒன்றும் பேசாமல் உப்பு வறுக்கப் போய்விட்டது.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நம் ஊர் ஜெயித்துவிட்டது என்று சொல்வேன். மெதுவான ஆகாரம், சூடில்லாமல், மெல்லாமல் என்றால் மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்வார்களோ. நாம் கேழ்வரகுக் களியை என்றைக்கு மென்றோம்? உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதானே. முதல் இரண்டு நாள் மோர் கரைத்த கூழ், சில்லென்று. ஆன்டிபயாடிக் மாத்திரை வயிற்றைக் கலக்கியபோது அந்த மோர்தான் காப்பாற்றியது. மூன்றாம் நாள் முதல் ஆறிய களி. ரொம்ப ஆறினால் கல்லாகிவிடும், கை பொறுக்கும் சூடு சரி. மாம்பழ காலம் வேறு. வீட்டில் செந்தூரா கூடையாகக் கிடந்தது. நார்ப் பழத்தை மட்டும் விட்டுவிட்டு, சதையைக் கரண்டியால் வழித்துக் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். சர்க்கரை இருக்கிறதே.

தப்பு செய்தது ஆறாம் நாள். கீரைக் குழம்பில் இருந்த கடுகு ஒன்று தையலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நாக்கு அங்கேயே போகிறது. கொப்பளித்தும் வரவில்லை. பழக்க தோஷம், துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உடைத்து நோண்டினேன். கடுகு வந்தது, பின்னாலேயே இரத்தமும் வந்தது. போனில் டாக்டரம்மா திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சுத்தமான பஞ்சை நனைத்து அரை மணி நேரம் கடிக்கச் சொன்னார், நின்றது. தாளிக்காத குழம்பு என்று சீட்டில் ஒரு வரி சேர்க்கலாம் என்று அவரிடமே சொன்னேன். எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.

வாய் கழுவும் மருந்து இரண்டு வாரம். அது காபியைக் கஷாயமாக்கிவிடும், பல்லில் பழுப்பேற்றும். பழுப்பு எனக்கு ஒன்றும் புதிதில்லை. பென்னாகரம் பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். புளோரைடு அதிகமான தண்ணீர் பால்யத்திலேயே பல்லில் எழுதிவிட்ட கோடுகள் அவை. 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகு பிறந்த என் மகளுக்கு அந்தக் கோடு இல்லை.

அதன் பிறகு மூன்று மாதம் சும்மா இருப்பதுதான் சிகிச்சை. கீழ்த்தாடைக்கு அவ்வளவு, மேல்தாடை என்றால் இன்னும் கூடுதலாகுமாம். அந்தக் காலத்தில் எலும்பு வளர்ந்து டைட்டானியத்தோடு ஒட்டிக்கொள்கிறது. 1950-களில் ஸ்வீடனில் பிரானமார்க் என்பவர் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்பக் கழற்ற முடியாமல் போனதிலிருந்துதான் இந்த வித்தையே பிறந்தது. மனிதருக்கு முதலில் வைத்தது 1965-ல். நம் தர்மபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான அதே வருடம், அதனால்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. இந்த மூன்று மாதமும் வலப்பக்கமே மென்று மென்று அந்தக் கன்னம் அலுத்துவிட்டது.

புரட்டாசியில் அளவெடுத்து, திருகின் மேல் கேப், அதாவது செயற்கைப் பல், மாட்டினார்கள். எந்த நிறம் வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு பல் வரிசையை நீட்டினார். என் பல்லோடு பொருந்துவதாக அதில் எதுவும் இல்லை. கோடு போட்டுத் தரச் சொல்லவா என்று கேட்டார். உள்ளே இருக்கிற பல்தானே, வெள்ளையாகவே இருக்கட்டும் என்றேன்.

ஆட்டுக்கறி வாங்கி அந்தப் பக்கம் கடித்துப் பார்க்க ஆசை. புரட்டாசியில் வீட்டில் கவிச்சி சேர்ப்பதில்லை. அம்மா பச்சைக் கடலையை வேகவைத்து வைத்தது. இடப்பக்கம் நாலைந்து போட்டு மென்றேன். மகள் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது என் பல்லு மாதிரி இருக்கு" என்றாள்.