செங்கல் சுட்ட நாராயண பிள்ளை

போன வாரம் ஊரிலிருந்து வந்த சித்தப்பாவைச் சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கோபுரத்துச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்தபடி, "யாருப்பா கட்டினது?" என்று கேட்டார்.

நாராயண பிள்ளை. 1819 மே மாதம், இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் பினாங்கிலிருந்து வந்த இந்தியானா கப்பலில் வந்து இறங்கியவர். ஊரெங்கும் வீடு கட்டுகிறார்கள், செங்கல் இல்லை என்று கண்டதும் தஞ்சோங் பகாரில் சூளை போட்டார். ஆள் போதவில்லை, பினாங்குக்குச் சொல்லியனுப்பித் தச்சர்களையும் கொத்தனார்களையும் வரவழைத்தார். அப்புறம் துணிக்கடை. 1822இல் அது தீயில் போனது, கடன் மட்டும் மிச்சம். ராஃபிள்ஸிடம் உதவி கேட்டு மறுபடி எழுந்தார்.

1827இல் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாகத்தான் இந்தக் கோயில் தொடங்கியது. அன்று அவர் வைத்த சின்ன அம்மன்தான் இன்றும் கருவறையில் இருக்கிறாள் என்பார்கள்.

2019இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் பிள்ளைக்கும் வெள்ளைச் சிலை வைத்தார்கள். சில நாள்தான், எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம்.

சித்தப்பா எல்லாம் கேட்டுவிட்டு, "சூளைக்கு விறகு எங்கே வாங்கினாராம்?" என்றார். அவரும் சூளை வைத்திருந்தவர்தான்.