அகாடமி பையனைக் கழற்றிவிடும்போது கையில் இருக்க வேண்டிய கடிதம்

இங்கிலாந்தில் ஒரு தொழில்முறை கால்பந்து கிளப்பின் அகாடமிக்குள், அதாவது சிறுவர்களை ஆட்டக்காரர்களாக வளர்க்கும் பிரிவுக்குள், பையன் நுழைவது, தங்குவது, வெளியேறுவது எல்லாம் பதிவுப் படிவத்தை வைத்துத்தான் நடக்கிறது. பெற்றோர் பலர் பயிற்சியாளர் வாய்மொழியாகச் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். இந்தப் பாதையில் பல குடும்பங்களோடு கூடவே போனதில் புரிந்தவற்றை எழுதுகிறேன்.

இப்போதுள்ள அமைப்பு 2012இல் வந்தது. அகாடமிகளை 4 தரமாகப் பிரித்து, வசதி, பயிற்சியாளர்கள், பயிற்சி நேரம் எல்லாவற்றுக்கும் அளவு வைத்தார்கள். அண்டர் 9 (9 வயதுக்குட்பட்டோர்) பிரிவில்தான் முறையான பதிவு தொடங்கும். அதற்கு முன் 6, 7 வயதில் கிளப் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தாலும் பையன் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை. அந்த வயதில் ஞாயிற்றுக்கிழமை ஆடும் உள்ளூர் அணியை விட்டுவிடச் சொன்னால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். சின்ன வயதில் பதிவு ஒவ்வோர் ஆண்டாக நீளும், வளர வளர 2 ஆண்டாகும்.

பையனைப் பற்றி அகாடமி எழுதித் தரும் மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்கத் தெரிந்தால் முடிவு வருவதற்கு முன்பே ஊகிக்கலாம். நுட்பம், ஆட்ட அறிவு, மனநிலை, உடல் என்று தலைப்புகள் இருக்கும். தொடர்ந்து இரண்டு மூன்று அறிக்கைகளில் ஒரே குறையைச் சொல்லி, அதைச் சரிசெய்ய என்ன பயிற்சி என்று எழுதாமல் விட்டிருந்தால் கிளப் மனம் மாறிவிட்டது என்று அர்த்தம். அடுத்த கூட்டத்தில் நேராகவே கேளுங்கள்: "இந்தக் குறைக்கு என்ன திட்டம், யார் பொறுப்பு, எப்போது மறுபடி பார்ப்பீர்கள்?"

உடல் பகுதியில்தான் அநியாயம் அதிகம். வயதுப் பிரிவு செப்டம்பர் 1இல் தொடங்குவதால், ஆகஸ்டில் பிறந்தவன் தன்னைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவனோடு மோதுகிறான். 13, 14 வயதில் சிலருக்கு உயரம் சட்டென்று ஏறும், சிலருக்கு அது 2 ஆண்டு தள்ளிப்போகும். வேகமாக வளரும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழே, குதிகாலில் வலி வரும். பந்தை நிறுத்துவதும் திரும்புவதும் தற்காலிகமாகத் தடுமாறும். அந்த நேரத்தில் எழுதிய அறிக்கையை வைத்துப் பையனை எடைபோடுவது தவறு. நல்ல அகாடமிகள் நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை மூன்றையும் தவறாமல் அளந்து, பெற்றோரின் உயரத்தையும் சேர்த்து, அவன் எட்டப்போகும் உயரத்தில் எத்தனை சதவீதத்தில் இருக்கிறான் என்று கணக்கிடுகின்றன. அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அணியிலேயே குறைந்த சதவீதம் உங்கள் மகனுடையது என்றால், "வலு போதாது" என்ற குறிப்புக்குப் பெரிய மதிப்பில்லை என்று அவர்களிடமே வாதாடலாம்.

அண்டர் 16 ஆண்டில் டிசம்பர் முடிவதற்குள் ஸ்காலர்ஷிப் (அகாடமியில் மேலே தொடர்வதற்கான ஒப்பந்தம்) உண்டா இல்லையா என்று கிளப் சொல்லியாக வேண்டும். உண்டு என்றால் 2 ஆண்டு, படிப்போடு சேர்ந்தது. இல்லை என்றால் அடுத்த இடம் தேட சில மாதங்கள் இருக்கின்றன. ஆனால் மற்ற கிளப்புகள் குளிர்காலத்திலேயே தங்கள் பட்டியலை நிரப்பத் தொடங்கிவிடும். அதனால் ஜனவரியிலேயே நகர வேண்டும்.

இனி, பலர் சிக்கிக்கொள்ளும் இடம். கிளப் தானாக விடுவித்தால் பையனை எடுக்கும் கிளப், அவனை வளர்த்ததற்கான இழப்பீட்டைப் பழைய கிளப்புக்குத் தர வேண்டாம். கிளப் "இரு" என்று சொல்லி, நீங்கள் "வேண்டாம்" என்று கிளம்பினால், புதிய கிளப் பழைய கிளப்புக்குப் பணம் கட்ட வேண்டும். 2012இல் வகுத்த கட்டணப்படி அண்டர் 9 முதல் 11 வரை ஆண்டுக்கு 3,000 பவுண்டு, முதல் தர அகாடமியில் அண்டர் 12 முதல் 16 வரை ஆண்டுக்கு 40,000 பவுண்டு. அண்டர் 9 முதல் 14 வரை அங்கே இருந்தவனுக்குக் கணக்குப் போட்டால் 1,29,000 பவுண்டு. கீழ்நிலை லீக் கிளப் ஒன்று இவ்வளவு கொடுத்து 14 வயதுப் பையனை எடுக்காது. ஆகவே யாராவது "விருப்பப்பட்டால் போகலாம், தடுக்க மாட்டோம்" என்று வாயால் சொன்னால் அதை நம்பி வெளியேறாதீர்கள். "கிளப் விடுவிக்கிறது, இழப்பீடு கோரவில்லை" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு முடிவதற்கு முன் வேறு கிளப்பில் ட்ரையல் (திறமையைச் சோதிக்கும் ஆட்டம்) போவதற்கும் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை.

விடுவிக்கும் கூட்டம் பெரும்பாலும் மிகச் சுருக்கமாக முடிந்துவிடும். அகாடமி மேலாளர் முதல் ஓரிரு வாக்கியங்களிலேயே முடிவைச் சொல்வார். அதற்குப் பிறகு பையன் காதில் எதுவும் ஏறாது. முடிவு ஏற்கெனவே எடுத்ததால் அங்கே வாதாடுவது வீண். அந்த அறையில் கேட்க வேண்டியது வேறு: விடுவிப்புக் கடிதம், எல்லா ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகள், வளர்ச்சி அளவுகள், காய விவரங்கள், ஆட்டக் காணொளிகள். காணொளித் தளத்துக்கான உள்நுழைவை எந்த நேரத்திலும் மூடிவிடலாம் என்பதால் அன்றே இறக்கிக்கொள்ளுங்கள். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய துண்டைவிட, பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறான் என்று காட்டும் முழு ஆட்டம் இரண்டு இருந்தால், கிளப்புக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுக்கு அதிகம் உதவும். சீசன் முடியும்வரை பயிற்சிக்கு வரலாமா, அணியினரிடம் யார் எப்போது சொல்வார்கள் என்பதையும் அங்கேயே பேசி முடியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், இங்கிலாந்து அணிக்கு ஆடிய டெக்லன் ரைஸ் 14 வயதில் செல்சியிலிருந்து வெளியேறி வெஸ்ட் ஹாமில் வளர்ந்த கதையைச் சொல்லித் தேற்றாதீர்கள். அது உண்மைதான், ஆனால் அந்த வாரத்தில் பையனுக்கு அது இன்னொரு சுமை. அவனுடைய நட்பு வட்டம், வார அட்டவணை, தன்னைப் பற்றிய எண்ணம் எல்லாம் ஒரே நாளில் போயிருக்கும். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் குலைந்தால் மருத்துவரைப் பாருங்கள். விடுவித்த பிறகும் கிளப்பில் யார் தொடர்பில் இருப்பார், எவ்வளவு காலம் என்று கேளுங்கள். கிரிஸ்டல் பேலஸ் 2022இல் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 3 ஆண்டுத் தொடர் கவனிப்பை அறிவித்தது. எல்லா கிளப்பிலும் அப்படி இல்லை, கேட்காவிட்டால் தானாக வராது.

ஸ்காலர்ஷிப் முடிந்து 18 வயதில் விடுவிக்கப்படுபவர்களுக்கு லீக் அமைப்புகளே தேர்வு ஆட்டங்கள் நடத்துகின்றன. கீழ்நிலை கிளப்புகளின் ஸ்கவுட்டுகளும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளும் அங்கே வருவார்கள். அமெரிக்க வாய்ப்புக்கு மதிப்பெண் சான்றிதழ் கட்டாயம். அதனால் ஸ்காலர்ஷிப்பின் இரண்டாம் ஆண்டில் பயிற்சியைக் காரணம் காட்டிப் பாடங்களைப் பாதியில் விட எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.