நாகர்கோவில் ஜங்ஷன் மாதிரி: முக்கோணத்தில் எஞ்சின் ஓடியது

நாகர்கோவில் ஜங்ஷனை வீட்டில் சின்ன மாதிரி ரயிலாகச் செய்து வருகிறேன். போன மாதம் பிளைவுட்டில் பென்சில் கோடாக இருந்த முக்கோணத்தில் இந்த ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஓடிவிட்டது. மூன்று வாரம் இழுத்த வேலை.

நான் செய்வது 1:87 அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. நம்ம அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1676 மில்லிமீட்டர், கணக்குப்படி 19.3 வர வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 தான். அதை ஏற்றுக்கொண்டேன். நீளத்தைத்தான் குறைத்தாக வேண்டும்: ஒரு கிலோமீட்டரே இங்கே பதினொன்றரை மீட்டர் ஆகிவிடும். அதனால் சுசீந்திரம், தோவாளை இரண்டுக்கும் ஒரு பிளாட்பாரம், ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். இரணியலுக்கும் குழித்துறைக்கும் பிளைவுட் பலகையில் இடமே இல்லை.

ஜங்ஷனை மட்டும் சுருக்க மனம் வரவில்லை. ஜங்ஷன் இருக்கும் கோட்டாறில் திருவனந்தபுரம் பாதையும் திருநெல்வேலி பாதையும் ஒரே பக்கமாக வந்து சேரும். கன்னியாகுமரி பாதை மறுபக்கம் போகும். குமரியிலிருந்து வரும் வண்டி இரண்டு ஊருக்கும் நேராகப் போகலாம். திருவனந்தபுரத்திலிருந்து வந்து நெல்லைக்குப் போகிற வண்டி ஜங்ஷனுக்குள் வந்தால், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டியாக வேண்டும். டவுன் ஸ்டேஷன் வழியாகப் போகும் இணைப்புப் பாதையில் அந்த வேலை கிடையாது. திருவனந்தபுரம் பாதை, நெல்லைப் பாதை, இந்த இணைப்புப் பாதை மூன்றும் சேர்ந்ததுதான் முக்கோணம்.

இந்த அமைப்புக்குப் பின்னால் எங்கள் மாவட்டத்தின் காத்திருப்பு இருக்கிறது. திருநெல்வேலிக்கு 1876-லேயே ரயில் வந்தாச்சு. திருவனந்தபுரத்தில் சாலை என்ற பகுதிக்கு 1918-ல். நடுவில் இருந்த எங்களுக்கு 1979 ஏப்ரலில்தான், அதுவும் திருவனந்தபுரம் பக்கமிருந்து. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நெல்லைப் பாதை 1981 ஏப்ரலில் வந்தது. அப்போதும் நெல்லைக்கு வடக்கே மீட்டர்கேஜ் என்ற குறுகிய பாதைதான். "திருநெல்வேலியில இறங்கி, பெட்டியைத் தூக்கிட்டு நெல்லை எக்ஸ்பிரஸுக்கு மாறணும் மக்கா" என்று அப்பா இப்போதும் சொல்வார். அந்த மாற்றத்தைக் காட்ட, பலகையின் நெல்லை ஓரத்தில் ஒரு முழம் குறுகிய தண்டவாளம் பதிக்கப் போகிறேன்.

சரி, மூன்று வாரம் எதில் போனது? கரண்டில். ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். முக்கோணத்தைச் சுற்றி வந்தால் இடது தண்டவாளம் வலதாகிவிடும். பிளஸ் போய் மைனஸில் முட்டும். கடைசித் துண்டைச் சேர்த்ததுமே ஷார்ட். தடம் பிரியும் இடத்து பாயிண்ட் இரண்டைக் கழற்றி மாற்றினேன், வயரைப் புதிதாக இழுத்தேன், பயனில்லை. அப்புறம்தான் காகிதத்தில் சிவப்பும் நீலமுமாக வரைந்து பார்த்தேன். தப்பு உடனே தெரிந்தது. டவுன் இணைப்புப் பாதையின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் அறுத்து, இடைவெளியில் பிளாஸ்டிக் இணைப்பு வைத்தேன். அந்தத் துண்டுக்கு மட்டும் பிளஸையும் மைனஸையும் இடம் மாற்றும், ஆறு முனை உள்ள டிபிடிடி ஸ்விட்ச் வழியாகக் கரண்ட். எஞ்சின் அதன்மேல் முழுதாக நிற்கும்போது ஸ்விட்சைப் புரட்ட வேண்டும். பெட்டிச் சக்கரமும் உலோகம் என்றால் மொத்த வண்டியும் அந்தத் துண்டுக்குள் அடங்குவது நல்லது. சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலை வகைப் பெட்டி ஒன்று 24 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நான்கு பெட்டியும் எஞ்சினும் நிற்க ஒன்றேகால் மீட்டர் விட்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். திருவனந்தபுரம் வண்டி ஜங்ஷனுக்குள் வந்தது. எஞ்சினைக் கழற்றிப் பக்கத்துப் பாதை வழியே சுற்றிக் கொண்டுவந்து பின்னால் மாட்டினேன். தோவாளைப் பக்கம் கிளம்பிப் போனது. "இன்னொரு தடவை விடு" என்றார். விட்டேன்.

அடுத்தது குமரி முனையம்.